ஐப்பசிக்கு முன்னாடி வைப்பரைத் தொட்டுப் பாருங்க! வெயில் ஊர் கார்களுக்கு எந்த பிளேடு தாங்கும்?

"மழையே பெய்யாத ஊருக்கு எதுக்கு அண்ணாச்சி விலை கூடின வைப்பரு?"

விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்விதான். கேட்க நியாயமாகவும் இருக்கும். ஆனால் விஷயம் தலைகீழ். மழை குறைந்த ஊரில்தான் வைப்பர் சீக்கிரம் வீணாகப் போகிறது. வைப்பர் ரப்பருக்கு எமன் தண்ணீர் கிடையாது, வெயிலும் தூசியும்தான். அந்த இரண்டுக்கும் நம்ம மாவட்டத்தில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். மற்றபடி கோடையில் நாலு இடி மழை, ஆடி ஆவணியில் ஒரு தூறல், அவ்வளவுதான். இந்த வறட்சியையே முதலாக்கித்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, அடுத்த ஆண்டு சிவகாசியில் தொடங்கினார்கள். பின்னாலேயே பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன. தீக்குச்சி காய்வதற்கும், பட்டாசு மருந்து நமத்துப் போகாமல் இருப்பதற்கும் எந்த வெயில் கை கொடுத்ததோ, அதே வெயில்தான் வாசலில் நிற்கிற உங்கள் காரின் வைப்பரையும் வருஷம் பூரா வறுத்து எடுக்கிறது.

யோசித்துப் பாருங்க. ஒன்பது பத்து மாதம் சும்மாவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெயிலில் கிடக்கிறது. மழை வந்த அன்றைக்குத்தான் சுவிட்சைப் போடுகிறோம். அது 'கர்ர்... கர்ர்...' என்று இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி முழுக்க வெள்ளைக் கோடு போடுகிறது. "போன மழைக்கு நல்லாத்தானே இருந்துச்சு?" என்கிறோம். போன மழை வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது நமக்கு மறந்துபோயிருக்கும்.

அந்தப் பரீட்சை நாள் எப்போது வருகிறது என்பதையும் பாருங்க. ஐப்பசி அடைமழை, அதே ஐப்பசியில்தான் தீபாவளி. சிவகாசிக்குப் பட்டாசு வாங்க வெளியூர்க் கார்கள் வரிசை கட்டி வருகிற மாதம். சரக்கு லாரிகள் ஓடுகிற மாதம். ஆலைகளில் வேலை முடிகிற சாயங்கால நேரத்தில் சிவகாசி - சாத்தூர் ரோட்டிலும், வெம்பக்கோட்டைப் பக்கமும் ஆலை வேன்கள் நின்று நின்று போகும். ரோட்டோரம் தூக்குவாளியோடு நடந்து வீடு திரும்புகிற பெண்கள் இருப்பார்கள். தெருவிளக்கு எல்லா இடத்திலும் கிடையாது. அந்த இருட்டுகிற நேரத்தில், தூறலில், எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட் வெளிச்சம் உங்கள் கண்ணாடியில் இருக்கும் கோடுகளில் பட்டுச் சிதறினால், ரோட்டோரம் நடக்கிறவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள். வைப்பர் என்பது கார் அழகாக இருப்பதற்கான சாமான் இல்லை என்று சொல்வது இதனால்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 - முன்கண்ணாடி உள்ள வண்டிக்கு வைப்பர் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்குவழிச் சாலையில் போகிறீர்கள் என்றால், ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறீர்கள். வைப்பர் வேகமான நிலையில் நிமிடத்துக்கு 45 முறை போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை போய் வருவதற்குள் கார் சுமார் 30 மீட்டர் ஓடியிருக்கும். அந்த ஒரு வீச்சு சரியாகத் துடைக்கவில்லை என்றால், அந்த 30 மீட்டரைக் குத்துமதிப்பாகத்தான் ஓட்டியிருக்கிறீர்கள்.

அந்த ஓரத்துலதான் எல்லாமே இருக்கு

வைப்பர் பிளேடை நாம் ஒரு குச்சியாகத்தான் பார்க்கிறோம். உண்மையில் வேலை செய்வது அதன் அடியில் இருக்கிற, தாள் தடிமனுக்குக் கொஞ்சம் அதிகமான ஒரு ரப்பர் உதடு மட்டும்தான். அந்த உதட்டுக்கு மேலே ஒரு மெல்லிய கழுத்து இருக்கும். பிளேடு வலது பக்கம் போகும்போது உதடு இடது பக்கம் சாய்ந்து இழுபடும். திரும்பி வரும்போது அந்தக் கழுத்தில் மடங்கி, இந்தப் பக்கம் சாயும். விளக்குமாற்றை எப்போதும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இழுக்கிறோம் இல்லையா, அது மாதிரி. இந்தச் சாய்வு மாறும் வேலை ஒழுங்காக நடந்தால்தான் தண்ணீர் ஒரே சீராக வழிக்கப்படும். ஒரு மணி நேரம் கனமழையில் ஓட்டினால், நிமிடத்துக்கு 45 முறை கணக்கில், அந்த உதடு 5,400 தடவை இப்படிப் புரண்டு படுக்கிறது.

இயற்கை ரப்பர் - குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைக் கீறி வடிக்கிறார்களே, அதே பால்தான் மூலம் - இந்த மாதிரி வளைந்து நெளிகிற வேலைக்கு அருமையான பொருள். லேசில் கிழியாது. ஆனால் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரும், காற்றில் உள்ள ஓசோனும் அதற்கு ஆகாது. மெல்ல மெல்ல மேல்பரப்பு இறுகும். மடங்கியிருக்கிற இடத்தில் மயிரிழை வெடிப்புகள் விழும். நிறுத்தின கார் மாதக்கணக்கில் வைப்பரை ஒரே பக்கம் சாய்த்து அழுத்திக்கொண்டே நிற்கிறது. சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிய கண்ணாடி கீழே. மேலே வெயில். உதடு அப்படியே ஒரு பக்கமாகப் பழகி இறுகிப்போகும். அதற்குப் பிறகு அது திரும்பிச் சாயாது. ஒரு பக்கம் போகும்போது ஒழுங்காகத் துடைக்கும். திரும்பி வரும்போது குத்திக் குத்தித் தாவும். நீங்கள் கேட்கிற அந்த 'கர்ர்' சத்தம் அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்க. ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்துவிட்டு, விரல் நுனியால் அந்த உதட்டை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்க. நல்ல ரப்பர் சட்டென்று புரண்டு கொடுக்கும். போன ரப்பர் பழைய பக்கத்துக்கே திரும்பி வந்து நிற்கும். இல்லையென்றால் விறைத்து நிற்கும். கழுத்துப் பகுதியை லேசாக விரித்துப் பார்த்தால் வெடிப்பும் தெரியும். புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைச் செய்துவிட்டால் போதும்.

சரி, எதை வாங்குறது?

கடையில் போய் நின்றால் மூன்று வகை சட்டகம் காட்டுவார்கள். பழைய மாடல், இரும்புப் பட்டைகள் கோத்தது. எலும்புக்கூடு மாதிரி இருக்கும். அடுத்தது, பட்டை எதுவும் தெரியாமல் ஒரே வில் மாதிரி வளைந்திருக்கிற பிளாட் பிளேடு. மூன்றாவது, உள்ளே இரும்புப் பட்டையும் மேலே பிளாஸ்டிக் மூடியும் உள்ள ஹைபிரிட்.

பட்டை மாடலில் நிறைய மூட்டுகள் உண்டு. கரிசல் புழுதி, குவாரி லாரி தூசி எல்லாம் அந்த மூட்டுகளில் போய் அடைந்து, மழையில் இறுகி, அசையாமல் நின்றுவிடும். அப்புறம் கண்ணாடியின் நடுவில் ஒரு வளைவு மட்டும் துடைபடாமல் நிற்கும். பிளாட் பிளேடில் மூட்டே இல்லை. உள்ளே இருக்கிற வில் இரும்புதான் ரப்பரை நீளம் முழுக்க அழுத்துகிறது. அதனால் தூசி ஊர்களுக்கு அது நல்லது. ஆனால் ஒரு நிபந்தனை: அதன் வளைவும் உங்கள் கார்க் கண்ணாடியின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். இப்போதைய ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி-களின் வளைந்த கண்ணாடிக்குப் பிளாட் பொருந்திவிடும். பொலிரோ மாதிரி நிமிர்ந்த தட்டைக் கண்ணாடிக்குப் பழைய பட்டை மாடலே போதும். மூட்டுகளைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரி. ஹைபிரிட் இரண்டுக்கும் நடுவில். மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் மூடிக்குள்ளே தூசி அடைவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய மோகம் இல்லை.

சட்டகத்தைவிட முக்கியமானது ரப்பர். இங்கேதான் யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சாதாரண பிளேடுகளில் இருப்பது இயற்கை ரப்பர், அல்லது செயற்கை ரப்பர் கலந்தது. வழுக்கிக்கொண்டு போவதற்காக மேலே கிராஃபைட் பூசியிருப்பார்கள். புது பிளேடைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுகிறதே, அதுதான். அதைத் துடைத்து எடுத்துவிடாதீங்க. விலை சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஆயுள் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். வெயிலில் நிற்கிற காருக்கு அந்த ஒரு வருடமே அதிகம்.

இன்னொன்று சிலிக்கான். விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும். வெயில், சூடு, ஓசோன் மூன்றையும் இயற்கை ரப்பரைவிட ரொம்ப நாள் தாங்கும். ஓடும்போது கண்ணாடியில் ஒரு மெல்லிய படலத்தை விட்டுப்போகிற சிலிக்கான் பிளேடுகளும் உண்டு. அதனால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். கேட்டால் "இதுதானே நம்ம ஊருக்கு!" என்று தோன்றும். பாதி சரி. சிலிக்கானுக்கு ஒரு பலவீனம்: கீறினால் சீக்கிரம் கிழியும். வெயிலைத் தாங்குகிற அது, மணல் தூசிமேல் வறட்டு வறட்டென்று தேய்த்தால் இயற்கை ரப்பரைவிட முன்னாடியே வெட்டுப்பட்டுவிடும். ஒரு சின்ன வெட்டு போதும், டிரைவர் கண்ணுக்கு நேரே ஒரு கோடு விழ.

ஆகவே ஊரை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் பழக்கத்தையும் பார்க்கணும். கார் பகல் முழுக்க வெட்டவெளியில் நிற்கிறது, ஆனால் நீங்கள் கண்ணாடியைக் கழுவி வைத்திருப்பவர், தண்ணீர் அடிக்காமல் வைப்பர் போடமாட்டீர்கள் என்றால் தாராளமாக சிலிக்கான் வாங்குங்க. போட்ட காசை எடுத்துவிடலாம். தினமும் குவாரிப் பக்கம், காட்டுப் பாதை, வேலை நடக்கிற ரோடு என்று ஓட்டுகிறீர்கள், தூசி தட்டக்கூட நேரமில்லை என்றால், கிராஃபைட் பூசிய சாதாரண ரப்பரையே வாங்கி, வருடா வருடம் ஐப்பசிக்கு முன்னாடி மாற்றிவிடுங்க. விலை கூடினது எல்லாம் நீடித்து உழைக்கும் என்று நம்பி வாங்கி, மூன்று வருடம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாக்கெட்டில் 'சிலிக்கான் கோட்டிங்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது சாதாரண ரப்பர். மேலே பூச்சு மட்டும்தான். முழு சிலிக்கான் விலைக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

பட்டை மாடல் சட்டகம் நன்றாக இருந்தால் உள்ளே உள்ள ரப்பரை மட்டும் மாற்றுகிற வசதியும் உண்டு. பல கார்களுக்கு ரப்பர் தனியாகவே கிடைக்கும். செலவு பாதிக்கும் கீழே. இதை அவர்களாக எடுத்துக் காட்டும் கடைகள் குறைவு. நீங்கதான் கேட்கணும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்க

வைப்பர் வாங்கும்போது எல்லோரும் பெயரைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் பார்க்கிறவர்கள் குறைவு. பொட்டலப் பொருள் என்பதால் அதில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும். ரப்பர் பயன்படுத்தாமல் இருந்தாலும் வயசாகிற பொருள். அதிலும் கடை வாசலில், மேற்கு வெயில் அடிக்கிற இடத்தில், கம்பியில் கொத்தாகத் தொங்குகிற பிளேடு உங்கள் காருக்கு வருவதற்கு முன்பே பாதி வறுபட்டிருக்கும். "அண்ணாச்சி, உள்ளே இருக்கிற சரக்கை எடுங்க" என்று கேட்பதில் தப்பில்லை. போஷ், வேலியோ போன்ற பெயர்களில் போலியும் வருவதால், அச்சு மங்கலாக, எழுத்துப் பிழையோடு இருக்கிற பாக்கெட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்க.

அளவு விஷயத்தில் ஊகம் வேண்டாம். நிறைய கார்களில் டிரைவர் பக்கம் நீளமாகவும், இடது பக்கம் குட்டையாகவும் இருக்கும். அங்குலக் கணக்கு காரின் கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் பழைய பிளேடை டேப் வைத்து அளந்துகொண்டு போங்க. "ஒரு இஞ்சு பெருசா போட்டா கூடக் கொஞ்சம் துடைக்குமே" என்று மாட்டினால் இரண்டு பிளேடும் நடுவில் மோதிக்கொள்ளும். அல்லது ஓரத் தூணில் போய் இடிக்கும். குட்டையாகப் போட்டால் டிரைவர் பக்கத் தூணுக்கு அருகே துடைபடாத ஒரு பட்டை நிற்கும். சந்திப்புகளில் பைக் வருகிற திசை அது. கொக்கியையும் பாருங்க. நம்ம ஊர்க் கார்களில் வளைந்த கொக்கி மாதிரிதான் அதிகம். வேறு மாதிரிகளும் இருக்கின்றன. ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் பின்கண்ணாடி வைப்பரை மறந்தே போய்விடுவார்கள். அதுவும் ரப்பர்தான், அதுவும் அதே வெயிலில்தான் காய்கிறது.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் என்ன பண்ணுவீங்க?

இது சிவகாசி வட்டாரத்துக்கு மட்டுமில்லை, தமிழ்நாடு முழுக்கப் பொருந்தும். ராத்திரி முழுக்கத் தெருவில் வெடி வெடித்து, காலையில் காரைப் பார்த்தால் கண்ணாடி மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே உட்கார்ந்து நேராக வைப்பரைப் போடுவோம். பிளேடுக்கும் கண்ணாடிக்கும் ஒரே நேரத்தில் கேடு செய்ய இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

பட்டாசில் வெள்ளை வெளிச்சத்துக்காகவும் சத்தத்துக்காகவும் அலுமினியப் பொடி சேர்க்கிறார்கள். அது எரிந்தால் வருவது அலுமினியம் ஆக்ஸைடு. உப்புத்தாளில் தேய்ப்பதற்காக ஒட்டுகிறார்களே, அந்தப் பொருள். கடினத்தன்மையை அளக்கிற மோ அளவுகோலில் வைரம் 10. அலுமினியம் ஆக்ஸைடு 9. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. நம் கார்க் கண்ணாடி ஐந்தரை, ஆறு. அதாவது பட்டாசுச் சாம்பலிலும் சரி, ரோட்டு மணலிலும் சரி, கண்ணாடியைக் கீறக்கூடிய துகள் இருக்கிறது. வறண்ட வைப்பரைப் போட்டால் அந்தத் துகள் ரப்பர் உதட்டில் குத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வீச்சிலும் அதே வட்டத்தில் கண்ணாடியைக் கீறும். வைப்பர் பிளேடு சில நூறு ரூபாய், முன்கண்ணாடி ஆயிரக்கணக்கில். ராத்திரி எதிர் வெளிச்சத்தில் பளபளவென்று வட்டவட்டமாகத் தெரியும் அந்தக் கீறல்களைப் புது பிளேடு போட்டாலும் எடுக்க முடியாது.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. ஒரு மக்கு தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்க. பட்டாசுப் புகையில் உள்ள உப்புகளில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்துவிடும். கரையாத துகளும் வழிந்து ஓடிவிடும். பிறகு வைப்பரைத் தூக்கி, ரப்பர் ஓரத்தை ஈரத்துணியால் ஒரு முறை நீளவாக்கில் துடைத்து எடுங்க. துணி கறுப்பாக வரும். அதற்கப்புறம் சுவிட்சைப் போடலாம்.

சுண்ணாம்புக்கல், சிமென்ட் லாரிகள் ஓடுகிற வழியில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. சுண்ணாம்புக்கல் தூசி கண்ணாடியைவிட மெத்தென்றது, கீறாது. ஆனால் சிமென்ட் தூசி தூறலில் நனைந்து காய்ந்தால் இறுகிப் படியும். படிந்ததை வைப்பரால் சுரண்ட நினைக்காதீங்க. நிறையத் தண்ணீர், அதற்கும் போகவில்லை என்றால் தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டும் தடவி, உடனே கழுவிவிடணும். பெயின்டில் படவிட வேண்டாம்.

தூறல்தான் பிளேடுக்குக் கனமழையைவிடக் கஷ்டம் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. கனமழையில் தண்ணீரே ரப்பருக்கு எண்ணெய் மாதிரி வழுக்கிக் கொடுக்கும். தூறலில் கண்ணாடி பாதி காய்ந்துவிடும். ரப்பர் வறட்டில் இழுபடும். இதற்காகத்தான் விட்டு விட்டு ஓடுகிற நிலை இருக்கிறது. 1960-களில் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கி, பிறகு ஃபோர்டு போன்ற பெரிய கம்பெனிகளோடு வருடக்கணக்கில் வழக்காடினார். 2008-ல் அது படமாகவும் வந்தது. நம் கார்களில் அது ஒரு திருகு தூரத்தில் இருக்கிறது. பயன்படுத்தாமல் தூறலிலும் முழு வேகத்தில் ஓடவிடுகிறோம். வருடத்தின் முதல் மழை என்றால் இன்னும் மோசம். கரிசல் புழுதி நனைந்து களிம்பு மாதிரி ஆகும். அதோடு ரோட்டு எண்ணெயும் சேரும். அன்றைக்கு வாஷர் தண்ணீரைக் கஞ்சத்தனம் பார்க்காமல் அடிக்கணும்.

அந்த வாஷர் டேங்கில் என்ன ஊற்றுகிறீர்கள்? போர் தண்ணீர் வேண்டாம். நம்ம பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு அதிகம். வீட்டுக் குழாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அதே படிவம் தண்ணீர் பீய்ச்சும் துளையை அடைக்கும். கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் காயும். கேன் தண்ணீர் இரண்டு லிட்டர் ஊற்றினால் வாரக்கணக்கில் வரும். கார் ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு போதும். துளை அடைத்திருந்தால் குண்டூசியால் பதமாகக் குத்திவிடலாம்.

ரப்பருக்கு மினுமினுப்பு வரும் என்று தேங்காய் எண்ணெய் தடவுவது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது - இரண்டும் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எல்லாம் இயற்கை ரப்பரை உப்ப வைத்துவிடும். தேங்காய் எண்ணெய் கண்ணாடியில் படிந்து, ராத்திரியில் மூட்டம் போட்ட மாதிரி காட்டும். மெழுகு தோய்த்த தூசி தட்டும் பிரஷ்ஷால் முன்கண்ணாடியைத் தட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது பாடிக்கு மட்டும். புது பிளேடு போட்டும் சத்தம் வருகிறதென்றால் பிளேடைக் குறை சொல்வதற்கு முன்னால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கண்ணாடியை ஒரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பாருங்க. பாதிக் கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் வைப்பரைப் பிடித்திருக்கிற கம்பி முறுகியிருக்கலாம். மெக்கானிக் நிமிர்த்திக் கொடுப்பார்.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்துவது நல்லதா? பாதிப் பேர் செய்கிறார்கள். சுடுகிற கண்ணாடியிலிருந்து ரப்பர் தப்பிக்கும், ஒரு பக்கம் சாய்ந்து இறுகாது என்பது உண்மை. ஆனால் உள்ளே உள்ள ஸ்பிரிங் நாள் முழுக்க இழுபட்டே நிற்கிறது. தெருவில் போகிற பையன் ஒருவன் தட்டிவிட்டால் கம்பி படாரென்று கண்ணாடியில் விழும். தினமும் ஆபீஸ் வாசலில் நிறுத்துவதற்கு அட்டையோ துணியோ போட்டுக் கண்ணாடியை வைப்பரோடு சேர்த்து மூடுவதுதான் என் ஓட்டு. ஊருக்குப் போகிறோம், பத்து நாள் கார் நிற்கும் என்றால் தூக்கி நிறுத்தி, கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகலாம். வேப்பமர நிழல் கிடைத்தால் புண்ணியம். பூவும் பிசினும் கொட்டும்தான். ஊறவைத்துக் கழுவினால் போகிற அழுக்கு அது.

மாட்டுவதற்கு மெக்கானிக் தேவையில்லை. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்க. கண்ணாடிமேல் தடித்த துண்டு ஒன்றை விரியுங்க. பிளேடு இல்லாத வெறும் கம்பி ஸ்பிரிங் வேகத்தில் அடித்தால் கண்ணாடி விரிசல் விடும், அதற்குத்தான். கம்பியைத் தூக்கி, பிளேடின் நடுவில் உள்ள சின்ன நாக்கை அழுத்திக்கொண்டு கீழ்நோக்கி இழுத்தால் பழையது கழன்று வரும். புதியதைக் கொக்கியில் நுழைத்து மேலே இழுத்தால் 'க்ளிக்' என்று கேட்கும். கேட்கவில்லை என்றால் மாட்டவில்லை என்று அர்த்தம்; நான்குவழிச் சாலையில் கழன்று பறக்கும். ரப்பரின்மேல் போட்டிருக்கிற பிளாஸ்டிக் உறையை எடுக்க மறந்துவிடாதீங்க. மறக்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். தண்ணீர் அடித்து, மெதுவான நிலையில் நாலு முறை ஓட்டிப் பாருங்க.

கழற்றிய இரண்டில் கொஞ்சம் நல்ல நிலையில் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய துணியில் சுற்றி டிக்கியில் வையுங்க. நடுவழியில், மழையில், டிரைவர் பக்க ரப்பர் கிழிந்து தொங்கினால், வீடு வந்து சேருகிற வரைக்கும் அது தாங்கும்.